விகிதம் ஐந்தைத் தாண்டக் கூடாது

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் ஏதோ வீரச்செயல் செய்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டால்கூட, யார் குற்றம் என்று யோசிப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவேன். இப்படிப்பட்ட ஆளைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, ஒரு ஊசியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையில் போட்டார்கள். அதனால் அலுவலகத்தில் என் பெயர் ‘ஊசி’.

எங்களுடையது அவசரச் செய்தித் துறை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பேருந்து, படகு என்று ஓடுகிறவை எல்லாம் எங்கள் கோபுரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு செய்தியை நாங்கள் ஒரே அலையில் அனுப்புவதில்லை. அறுபத்து நான்கு சின்ன அலைகளாகப் பங்கு போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புவோம். வழியில் மலையோ கட்டடமோ நாலு அலையைத் தின்றுவிட்டாலும் மீதி போய்ச் சேரும். அருமையான ஏற்பாடு, ஒன்றைத் தவிர. எப்போதாவது ஒரு கணம் அந்த அறுபத்து நான்கும் ஒரே நேரத்தில் தலை தூக்கிவிடும். அறுபத்து நான்கு பேர் படுத்திருக்கும் கட்டிலில் எல்லோரும் ஒன்றாக எழுந்து குதித்தால் கட்டில் என்ன ஆகும்? எங்கள் கட்டில், அலைகளைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபயர். கோபுரத்துக்குக் கீழே, என் மேசையிலிருந்து ஆறடி தூரத்தில் உறுமிக்கொண்டிருக்கும். அதன் இரட்டைப் பிறவி போன வருடம் இப்படி ஒரு குதியில் எரிந்துபோனது. புதியதற்கு எழுதிப் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. மிச்சமிருக்கும் இதுவும் போனால் ஊரில் ஒரு வண்டிக்கும் ஒரு வார்த்தை போகாது.

ஆகவே ஊசி. உச்சம் சராசரியைப்போல எத்தனை மடங்கு என்று அது காட்டும். ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் மணி அடிக்கும். மணி அடித்தால் எனக்குக் குறிப்பாணை வரும்.

முதல் குறிப்பாணை வந்தபோது விகித அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் அறுபத்து நான்கு கோப்புகள் அடுக்கியிருந்தன, அலைக்கு ஒன்று.

“எந்த அலை சார் இந்தக் காரியத்தைப் பண்ணுச்சு?”

“தனியா எதுவும் பண்ணல சார். எல்லாமே ஒரே அளவுதான். சேந்து எழுந்ததால...”

“ஒவ்வொண்ணையும் விசாரிச்சீங்களா?”

“அளந்து பாத்தேன் சார். ஒவ்வொண்ணும் சின்னதுதான்.”

அவர் முகம் கறுத்தது. “அப்ப யாருமே தப்புப் பண்ணல, ஆனா தப்பு நடந்திருக்கு. இதுக்குப் பேரு என்ன தெரியுமா? சதி.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு தடவைகூட சராசரிக்கு மேல போனதில்ல. அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். உங்க அலைங்களுக்கு அதைச் சொல்லி வைங்க” என்றார்.

நான் சொல்லி வைப்பதாகத் தலையாட்டினேன். என்னால் அதுதான் முடியும்.

முதலில், எழும் தலையை வெட்டச் சொல்லி ஆணை வந்தது. ஐந்துக்கு மேல் போகும் பகுதியை அப்படியே நறுக்கிவிட வேண்டும். நறுக்கினேன். ஊசி அடங்கியது. ஆனால் வெட்டிய தழும்பு சும்மா இருக்குமா? அது இரைச்சலாகிப் பக்கத்து அலைவரிசை முழுக்கச் சிதறியது. தீயணைப்பு நிலையத்தில் மூன்று நாள் எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம்தான் கேட்டதாம். அவர்கள் எழுதிய புகாருக்கு, ‘எங்கள் விகிதம் நான்கு புள்ளி ஒன்பது’ என்று துறை பதில் எழுதியது.

அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் ஒரு யோசனை சொன்னேன். என் ஆயுளில் நான் சொன்ன ஒரே யோசனை அது. அறுபத்து நான்கையும் எட்டு எட்டாக எட்டுக் குழுவாகப் பிரித்து, சில குழுக்களைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பலாம். கட்டிலில் பாதிப்பேர் எழும்போது மீதிப்பேர் குனிவார்கள். உச்சமே வராது. செய்தியும் சிதையாது. ஒன்றே ஒன்றுதான்: எந்தக் குழுவைத் திருப்பினோம் என்று கேட்கிறவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அவன் தன் வானொலிப் பெட்டியில் அந்த எண்களைத் தட்டி நிமிர்த்திக்கொள்வான். தெரியாவிட்டால் அவனுக்கு வெறும் இரைச்சல்.

யோசனை ஏற்கப்பட்டது. நியாயமாகப் பார்த்தால் செய்திக்குச் செய்தி எண்களை மாற்ற வேண்டும். கையெழுத்துப் போட ஆள் போதாததால் நாளுக்கு ஒன்று என்று முடிவானது. எங்கள் செய்திகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் அதுவே போதுமாகவும் இருந்தது. நான் எண்களைக் கணக்கிட்டுக் கொடுப்பேன். ஐந்து பேர் கொண்ட குழு அதைப் பரிசீலிக்கும். பிறகு உறையில் போட்டு அரக்கு வைத்து, எல்லா நிலையங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பும்.

தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும்.

திங்கட்கிழமைச் செய்தியை வியாழக்கிழமை புரிந்துகொண்டார்கள். அணைந்துபோன தீக்கு வண்டி போனது. நான் விகித அதிகாரியிடம், “எண்களை முன்கூட்டியே அனுப்பலாமே சார்” என்றேன். “நாளைக்கு உள்ள எண்ணை இன்னிக்கே சொன்னா அது ரகசியம் கசியறது. மூணு நாள் கழிச்சுச் சொன்னா அது ஆவணம்” என்றார்.

என் மனைவி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். ஏழாம் எண் வண்டி. பயம் என்பது என்னவென்றே அறியாதவள். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது கடவுள் இருவருக்குமான பங்கைப் பிரிக்க மறந்து மொத்தத்தையும் என் தட்டில் கொட்டிவிட்டார். தபால் திட்டம் வந்த இரண்டாம் வாரம், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

“என்னங்க, இன்னிக்கு எதெதைத் திருப்பியிருக்கீங்க?”

“அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதும்மா.”

“நேத்து ஒரு மணி நேரம் எந்தத் தெருன்னு தெரியாம சுத்தினேன். வண்டியில பெட்டி கொரகொரன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த வீட்ல ஒரு அம்மா மாடிப்படியிலயே உக்காந்து காத்துக்கிட்டிருந்தாங்க. சொல்லுங்க.”

குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொன்னேன். “ரெண்டு, அஞ்சு, ஆறு.” அன்றிலிருந்து தினமும் சொன்னேன். பகலில் யார் என் பெயரைச் சொல்லி அழைத்தாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு நடுவில் துறைக்கு ஒரு ஞானம் பிறந்தது. ஒருநாள் தலைமையிடத்துக் கம்பி அறுந்து செய்தியே வரவில்லை. வெறும் சோதனை ஒலி, ‘ஊம்’ என்று ஒரே சீராக, நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. ஊசி இரண்டில் அசையாமல் நின்றது. பழுது பற்றி அறிக்கை அனுப்பினேன். அது பாராட்டுக் கடிதமாகத் திரும்பி வந்தது. துறையின் வரலாற்றிலேயே இவ்வளவு குறைந்த விகிதம் எட்டப்பட்டதில்லையாம். எப்படிச் சாதித்தேன் என்று கேட்டிருந்தார்கள். செய்தி எதுவும் அனுப்பாமல் சாதித்தேன் என்று உண்மையை எழுதினேன். ஒரு வாரத்தில் அது ஆணையாக வந்துவிட்டது. இனி எந்நேரமும் சோதனை ஒலியே ஒலிபரப்பாகும். செய்தி நேரம் காலை பத்து முதல் பத்தேகால் வரை. அவசர நிகழ்வுகள் இயன்றவரை அந்நேரத்துக்குள் அமையுமாறு பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்.

இந்தச் சாதனையைப் பார்வையிட மேலிடத்துக் குழு ஒன்று வந்தது. மூன்று நாளாக விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். மொத்தம் ஏழு பேர், ஏழு குடை. என் அறையில் குடை விரித்து உலர்த்த இடமில்லாததால் ஆம்ப்ளிஃபயர் மேல் விரித்து வைத்தார்கள். எங்கள் துறை இயக்குநர் ஊசிக்குப் பக்கத்தில் நின்று அவர்களிடம் பேசத் தொடங்கினார்.

“மத்த துறைகள்ல எல்லாம் செய்தி போய்ச் சேந்துச்சான்னு பாக்கறாங்க. அது கேக்கறவன் கையில இருக்கற விஷயம், நாம என்ன பண்ண முடியும்? விகிதம் நம்ம கையில இருக்கு. நம்ம கையில இருக்கறதை நாம ஒழுங்கா செஞ்சிருக்கோம்.”

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே என் மேசையிலிருந்த அச்சுப்பொறி கடகடத்தது. அணையிலிருந்து செய்தி. ‘இரண்டரை மணிக்கு ஐந்து மதகுகள் திறக்கப்படும். தரைப்பாலத்தில் எந்த வண்டியும் ஏறக் கூடாது.’ மணி இரண்டு பத்து.

சுவரில் வண்டிகளின் பலகை இருந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். ஏழாம் எண்: நோயாளியுடன் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டது, தரைப்பாலம் வழி, பாலம் சேரும் நேரம் இரண்டரை. கைப்பேசியில் அவளைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அந்தப் பள்ளத்தில் எப்போதும் அப்படித்தான்.

இயக்குநரின் காதோரம் போய் நின்றேன்.

“சார், அணை திறக்கறாங்க. செய்தி ஒண்ணு போடணும்.”

“விகிதம் எவ்வளவு இருக்கு?”

“ரெண்டு சார்.”

“அப்புறம் என்ன? நாளைக்குப் பத்து மணிக்குப் போடுங்க.”

மேசைக்குத் திரும்பினேன். என் நிலைமையை யோசித்துப் பார்த்தேன். சோதனை ஒலியை நிறுத்தினால் வேலை போகும். திருப்பாமல் அனுப்பினால் எல்லா வண்டிக்கும் கேட்கும். ஆனால் அந்தக் குதியில் ஆம்ப்ளிஃபயர் எரிந்தால் பாதிச் செய்தியோடு ஊரே ஊமையாகிவிடும். திருப்பி அனுப்பினால் ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும். ஆனால் இன்றைய எண்கள் உலகத்தில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் தெரியும். காலையில் குழாயடியில் சொன்னேன்: ஒன்று, நான்கு, ஏழு. சொன்னதைச் சரியாகத்தான் சொன்னேனா? ஏழா, எட்டா? தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழு. அவள் சரியாகக் காதில் வாங்கினாளா என்று பார்க்கத் தாள் இல்லை.

சோதனை ஒலியை நிறுத்தினேன். இரண்டு முறை தவறான பொத்தானைத் தட்டினேன். செய்தியை மூன்று முறை அனுப்பினேன். ஊசி இரண்டிலிருந்து எழுந்தது. மூன்று. நான்கு. நான்கரை. நாலேமுக்காலில் போய் நின்று ஆடியது. மணி அடிக்கவில்லை. மறுபடியும் ‘ஊம்’ போட்டேன்.

குழுவில் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஊசி ஏன் ஆடுச்சு?” என்று கேட்டார்.

“உங்களைப் பாத்துத்தான் சார்” என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பிஸ்கட் வந்தது.

இரண்டு ஐம்பதுக்கு அச்சுப்பொறி மறுபடி அடித்தது. ‘பாலம் மூழ்கியது. ஏழாம் எண் வண்டி மறுகரை வந்து சேரவில்லை.’ வந்து சேரவில்லை என்றால் நின்றுவிட்டது என்றும் பொருள், போய்விட்டது என்றும் பொருள். நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவினேன். திரும்ப வந்து, எனக்கு வைத்திருந்த பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தை நான் யாருக்கும் விவரிக்கப் போவதில்லை.

மூன்று இருபதுக்குக் கைப்பேசி அடித்தது.

“நான்தான். மேல் ரோட்டுக்கு வந்துட்டோம். நோயாளி நல்லா இருக்காரு. பின்னாடி வந்த பஸ்ஸு, தீயணைப்பு வண்டி எல்லாத்துக்கும் குறுக்க என் வண்டியைப் போட்டு மறிச்சேன். டிரைவருங்க இறங்கி வந்து கண்டபடி திட்டினாங்க. அப்புறம் தண்ணி வந்துச்சு. அப்புறம் யாரும் திட்டல.”

அழுகையை அடக்கிக்கொண்டு பேச எனக்கு வராது. “சரி, வெச்சிடறேன்” என்றாள்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். துறை அப்படி நினைக்கவில்லை. மூன்றாம் நாள் விசாரணை என்று கடிதம் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் நான் அல்ல, என் மனைவி. நோயாளியுடன் வந்த வண்டியை எந்த ஆணையும் இல்லாமல் நடுரோட்டில் நாற்பது நிமிடம் நிறுத்தியது, அரசுப் பேருந்தை மறித்தது. நான் ஊசியின் சார்பில் சாட்சி.

விசாரணையில், இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விகித அதிகாரி அன்றைய ஊசிப் பதிவை விரித்தார். “செய்தி வந்ததுன்னு சொல்றீங்க. இங்க பாருங்க. நாலேமுக்கால். அஞ்சைத் தாண்டவே இல்ல. உச்சம் இல்லாத எடத்துல செய்தி இருக்காது. இது இந்தத் துறையோட அனுபவம். அப்ப எதைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“பெட்டியில கேட்டு நிறுத்தினேன்” என்றாள்.

“வராத செய்தியை எப்படிக் கேட்டீங்க?”

“சரி சார், வரல. தண்ணி மட்டும் வந்துச்சு.”

“தண்ணி எங்க துறை இல்ல.”

அவளுடைய உரிமத்தைப் பறிப்பதற்கான தாளை எடுத்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நான் எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது.

“நான்தான் சார் அனுப்பினேன். திருப்பி அனுப்பினதால உச்சம் வரல. எண்ணை வீட்லயே சொல்லிட்டேன்.”

இயக்குநரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. “அப்ப செய்தியும் போயிருக்கு, விகிதமும் அஞ்சுக்குள்ள இருந்திருக்கா?” என்றார்.

“ஆமா சார்.”

“அப்படின்னா நம்ம திருப்புத் திட்டம் வெற்றி!”

தீர்ப்பு பின்வருமாறு அமைந்தது. திட்டத்தின் வெற்றிக்காகத் தபால் பிரிவுக்குப் பாராட்டு. சோதனை ஒலி ரத்து, இனி எந்நேரமும் செய்தி போகலாம். எண்கள் தினமும் மாறும், அவை முன்போலவே அரக்கு முத்திரையுடன் பதிவுத் தபாலில் மட்டும் செல்லும். என் மனைவியின் உரிமம் பிழைத்தது. அதற்கு மாற்றாக, வீட்டில் எண் கேட்க மாட்டேன் என்று அவளும், மனைவியிடம் எண் சொல்ல மாட்டேன் என்று நானும் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டோம். மீறினால் சிறை. என் கையெழுத்து கோணலாக இருந்ததால் மூன்று முறை போடச் சொன்னார்கள்.

மறுநாள் காலை இன்னும் தூறிக்கொண்டுதான் இருந்தது. அவள் சீருடை போட்டு, தலையைப் பின்னி முடித்து, கூடத்தில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டினாள். நான் குழாயடியில் நின்றேன். அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். கேட்காமலே போய்விடுவாளோ என்று அதைவிடப் பயந்தேன். அந்தப் பெட்டி இன்று முழுக்கக் கொரகொரவென்று கத்தும். மதகுகள் இன்னும் மூடவில்லை.

“ஒண்ணும் கேக்கலையா?” என்றேன்.

“கேக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே” என்றாள். எழுந்து வாசல் கதவைத் திறந்தாள். “இவங்க எழுதிக் கொடுக்கல.”

எங்கள் வீடு மூன்றாம் மாடி. வாசலிலிருந்து கீழ்த்தளம்வரை படிக்கட்டு முழுக்க ஆட்கள் நின்றார்கள். சீருடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து ஓட்டுநர்கள், படகுக்காரர்கள், மற்ற ஆம்புலன்ஸ்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் பேனா இருந்தது. மறு உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். பாதி திறந்திருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “மூணு... நாலு...” என்றேன்.

கீழ்ப்படியிலிருந்து தீயணைப்பு வண்டி ஓட்டுநர் அண்ணாந்து பார்த்தார்.

“சத்தமா சொல்லுங்க சார், இங்க கேக்கல.”